ஒரு தட்டு மேலே, இரண்டு தட்டு கீழே

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. இடிபட்டால் எனக்கு ஒன்றுமில்லை, மடியில் இருக்கிற இதற்குத்தான் ஆகாது. துண்டு சுற்றியிருப்பதைப் பார்த்துக் கைக்குழந்தை என்று நினைத்துவிட்டீர்களா? நடத்துநரும் அப்படித்தான் நினைத்து, ஓர் ஆளை எழுப்பி எனக்கு இந்த இடத்தை வாங்கிக் கொடுத்தார். நானும் மறுக்கவில்லை. இது டிவிப் பெட்டி. டிவி இல்லை. டிவிக்குக் கீழே இருக்குமே, மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஒயர் வந்து சேருகிற பெட்டி, அது. செத்துப்போன பெட்டி. தென்காசியில் உயிர் கொடுத்துக் கொண்டுவருகிறேன்.

நீங்கள் ராஜபாளையம் வரைக்குமா? நான் சொக்கம்பட்டி. அப்படியானால் நேரம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சத்தமாகச் சொல்லமாட்டேன். முன்னால் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாகப் பச்சைச் சேலை உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்குப் பொல்லாத காது. உலகம்மாள் என்று பெயர். என் கொழுந்தன் மனைவி, எனக்கு ஓரகத்தி. பதினோரு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. இந்தப் பெட்டியின் ரிமோட்டும் கரண்ட் ஒயரும் அவள் பையில் இருக்கின்றன. பெட்டி என் மடியில் இருக்கிறது. ரிமோட் இல்லாமல் நான் என்ன செய்யமுடியும்? பெட்டி இல்லாமல் அவள்தான் என்ன செய்யமுடியும்? அதனால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். வேறு காரணம் இல்லை.

சண்டை எதனால் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், பார்த்தால் மரியாதை தெரிந்தவராக இருக்கிறீர்கள். நானே சொல்கிறேன். மின்விசிறியால். மாமனார் காலமான பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். பட்டாசாலைக் கூடத்துக்கு நடுவில் சுவர். அண்ணன் தம்பி இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் நிறுத்தி, நூல் பிடித்து, ஒரு விரற்கடை கூடாமல் குறையாமல் கொத்தனார் கட்டினார். கட்டி, பூசி, சுண்ணாம்பும் அடித்த பிறகு பார்க்கிறோம், மின்விசிறி என் பக்கம், அதன் சுவிட்ச் அவள் பக்கம். சித்திரை மாதம். நான் சாப்பிட உட்காருவேன், விசிறி நின்றுவிடும். ஐப்பசி மழையில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன், சுற்றும். கேட்டால், "கை தவறிப் பட்டுட்டுக்கா" என்பாள். ஒரு மனுஷிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் கை தவறும்? ஒன்பது மாதம் தவறியது. தை பிறந்ததும் ஆள் வைத்துச் சுவிட்சை என் பக்கம் மாற்றினேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவளுக்குக் கோபம். என் விசிறிக்கு நான் யாரிடம் சொல்லவேண்டும்? அன்றைக்கு நின்றதுதான் பேச்சு. சுவிட்ச் இருந்த இடத்தில் சுவரில் ஓர் ஓட்டை நின்றுபோனது. அதை அடைக்கவேண்டியது யார் என்பதில் இன்னொரு தகராறு. ஆகவே இன்றுவரை அடைபடவில்லை.

இதில் பாவம், என் கொழுந்தன் சண்முகவேல். மஸ்கட்டில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கோபமே வராத மனிதர். புருஷனிடம் சண்டைபோட வழியில்லாததால்தான் அவள் என்னிடம் போட்டாள் என்பது என் அபிப்பிராயம். வரும்போது இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். வந்து ஒரு வாரம் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு அதைப் பிரித்துப்போட்டு என்னவோ செய்தார். "மயினி, இதுக்க மூளையையே மாத்திட்டேன். பூட்டி வச்சிருந்த சேனல் எல்லாம் தெறந்து கெடக்கு" என்றார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான், சும்மா இருக்கமுடியுமா? "அது திருட்டு இல்லையா?" என்று கேட்டேன். "வானத்துல இருந்து தானா விழுறதுதான மயினி, மழை மாதிரி" என்றார். எனக்கு நியாயமாகப் பட்டது. எதிர்வீட்டுக்காரர் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்தாரே, அது திருட்டு. அதற்கு மனு எழுதிப்போட்டவளே நான்தான்.

அவள் பக்கத்து மாடியை வேப்பமரம் மூடிக்கொண்டிருக்கிறது, வானம் தெரியாது. அதனால் டிஷ் என் மாடியில், பெட்டி என் வீட்டில். பெட்டியிலிருந்து இன்னொரு ஒயரைச் சுவர் ஓட்டை வழியாக விட்டு அவர்கள் டிவியில் சேர்த்தார் கொழுந்தன். ஒரு பெட்டி, இரண்டு டிவி. இங்கே என்ன ஓடுகிறதோ அதுதான் அங்கேயும் ஓடும். சேனலை மாற்ற அவளால் முடியாது, ரிமோட் சுவரைத் தாண்டி வேலை செய்யாது. அதற்காகப் பேசமுடியுமா? அவள் சுவரில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் மேலே. இரண்டு தட்டு என்றால் கீழே. மூன்று தட்டு என்றால் இதிலேயே விடு என்று அர்த்தம். தட்டுவது பேச்சில் சேராது. அதை ஆரம்பத்திலேயே நாங்கள் தீர்மானித்துக்கொண்டோம். பேசாமல் எப்படித் தீர்மானித்தீர்கள் என்று கேட்காதீர்கள். தட்டித்தான்.

கொழுந்தன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே. துட்டி வீட்டில் பதினாறு நாள் நானும் அவளும் பேசினோம். பேசாமல் முடியுமா, அவளைச் சாப்பிடவைக்கவேண்டும், வந்தவர்களைக் கவனிக்கவேண்டும். அது கணக்கில் வராது. பதினேழாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் பழையபடி வாய் கட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் டிவிச் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். தனியாக இருக்கிறவளுக்கு எதற்கு அவ்வளவு சத்தம்? என்னை எரிச்சல்படுத்தத்தான்.

அந்த வருஷம்தான் இந்த நாடகம் ஆரம்பித்தது. அரபு நாட்டுச் சேனல். இரவு ஏழரைக்கு. ஒரு வார்த்தை புரியாது. புரியவேண்டிய அவசியமும் இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரியாதா. ஒரு பெண், நீலக் கோட்டுப் போட்டு வருவாள். நான் அவளுக்குச் செண்பகம் என்று பெயர் வைத்தேன். ஒரு மீசைக்காரன், கப்பல் வைத்திருக்கிறான். செண்பகம் அழும்போதெல்லாம் வந்து எதிரில் உட்கார்ந்து தேநீர் குடிப்பான், தேற்றமாட்டான். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் புருஷன். ஆனால் உலகம்மாள் அந்தப் பக்கம் ஓட்டை வழியாக நான் கேட்கவேண்டும் என்றே உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள், "அண்ணன்காரன் வந்துட்டான், அண்ணன்காரன் வந்துட்டான்" என்று. யாரிடம் சொல்வாள்? வீட்டில் ஆளே கிடையாது. புருஷன் நாலு அரபு வார்த்தை சொல்லிக்கொடுத்திருப்பார் போல, அந்தத் திமிர். நான் என் வீட்டுக்காரரிடம் இன்னும் உரக்கச் சொல்வேன், "பாத்தீங்களா, இப்படி ஒரு புருஷன் இருப்பானா." அவர் ஏழு மணிக்கே தூங்கிவிடுவார். அதனால் என்ன, சொல்லவேண்டியதைச் சொல்லித்தானே ஆகவேண்டும். இப்படி இரண்டு வருஷம், அவள் அண்ணன் என்பாள், நான் புருஷன் என்பேன். ஒரு நாள் தவறியதில்லை. அப்படி ஒரு பகை.

போன வியாழக்கிழமை, நாடகத்துக்குக் கால்மணி நேரம் இருக்கிறது, திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. உள்ளே நாலைந்து வரி, எந்த ஊர் எழுத்தோ. மேலே பச்சையில் ஒரு பொத்தான், கீழே சிவப்பில் ஒரு பொத்தான். கொழுந்தன் நூறு தரம் சொல்லியிருந்தார், "மயினி, புதுசா ஒண்ணு வந்திருக்கு போட்டுக்கிடவான்னு பொட்டி கேக்கும். போட்டுராதீங்க. கம்பெனிக்காரன் சாப்ட்வேர் உள்ள வந்து உக்காந்தா நான் வச்சது செத்துப்போவும்." நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் பச்சையை அமுக்கக் கூடாது என்றாரா, சிவப்பை அமுக்கக் கூடாது என்றாரா என்று அந்த நேரம் பார்த்து ஒரு சந்தேகம். அவள் திரையிலும் இதே கட்டம்தானே நிற்கும், என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று காத்திருந்தேன். ஒரு தட்டு விழுந்தது. ஒரு தட்டு என்றால் மேலே. பச்சைதான் மேலே இருந்தது. அமுக்கினேன்.

இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் இருண்டது. பெட்டியின் நெற்றியில் சிவப்பாக நாலு ஆங்கில எழுத்து வந்தது. அவ்வளவுதான். அணைத்துப் போட்டால் அதே நாலு எழுத்து. ஒயரைப் பிடுங்கிச் சொருகினால் அதே நாலு எழுத்து. விடிந்ததும் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "தலையில ஒண்ணு போடு, சரியாப்போவும்" என்றார். போட்டேன். அதே நாலு எழுத்து.

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்குச் சுவருக்கு இந்தப் பக்கமும் சத்தம் இல்லை, அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. ஒரு தட்டுக்கூட இல்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவ்வளவு நிம்மதியில் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை தென்காசிக்குக் கொண்டுபோனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பீர்மைதீன் என்று ஒரு மெக்கானிக், அரபு நாட்டில், தம்மாமில், பத்து வருஷம் இருந்தவர். இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. பிரித்துப் பார்த்தார், தன் கம்ப்யூட்டரோடு ஒயர் போட்டுப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பொட்டி எந்திரிக்கப் பாக்குது, எந்திரிக்க முடியல. உள்ள இருக்கிற சாப்ட்வேர் பாதி அழிஞ்சு கெடக்கு பெரியம்மா. இத யாரு மாத்தி வச்சது?"

"என் கொழுந்தன். மஸ்கட்டுல இருந்தவர்."

"அவர ஒரு எட்டு வரச் சொல்லுங்க."

"அவர் போயிட்டார் பாய்."

"திரும்பவும் மஸ்கட்டுக்கா?"

நான் மேலே கையைக் காட்டினேன். அவர் முதலில் மாடியைப் பார்த்தார். அப்புறம் புரிந்துகொண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "பழசு ஒரு பிரதி எடுத்து வச்சிருப்பாரு, பென் டிரைவ்ல. அது கெடச்சா ஏத்திரலாம். நெட்டுல கெடக்கிறத ஏத்துனா இதுக்குப் பொருந்தாது, இருக்கிற உசுரும் போயிரும்" என்றார். அப்படியே பேச்சோடு பேச்சாக அந்த நாடகத்தைப் பற்றியும் கேட்டுவைத்தேன். அவர் வீட்டிலும் பார்க்கிறார்களாம். "செவ்வாக்கெழமயோட முடியுது" என்றார். செவ்வாய் என்றால் இன்றைக்கு. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு முடிவு தெரியாமல் போனால் மனுஷி என்ன ஆவாள்? நான் என்னைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

பென் டிரைவ் எங்கே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவளிடம்தான் இருக்கும். கொழுந்தன் போட்ட சட்டைப் பொத்தானைக்கூட எறியாதவள் அவள். எப்படிக் கேட்பது? எங்கள் தட்டுகளில் பென் டிரைவுக்குத் தட்டு கிடையாது. நேற்றுச் சாயங்காலம் ஓட்டைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ஏங்க, பழைய பென் டிரைவ் ஒண்ணு இருந்தா பெட்டி பொழச்சிரும்னு மெக்கானிக் சொல்லுதாரு. இல்லன்னா அவ்வளவுதானாம். நாளைக்குக் காலைல எட்டரை பஸ்ஸுக்குப் போறேன். எட்டரை."

"என்கிட்ட ஏன் கத்துத? என்கிட்ட ஏது பென் டிரைவ்?" என்றார்.

"ஒங்ககிட்டத்தான் சொல்லுதேன், வேற யார்கிட்ட சொல்லுதேன்" என்றேன்.

காலையில் எட்டரை பஸ்ஸில் ஏறினால், அதே பஸ்ஸில் ஏறுகிறாள். கையில் பை. முந்தானையில் ஒரு முடிச்சு. கொடுத்தனுப்ப வேண்டியதுதானே? மாட்டாள். கொழுந்தன் பொருள் கைமாறக் கூடாதாம். கடையில் மெக்கானிக்கிடம் சொல்கிறாள், "நானே சொருகுதேன் பாய், எங்கன்னு மட்டும் காட்டுங்க."

பீர்மைதீன் ஸ்க்ரூ டிரைவரோடு நடுவில் நிற்கிறார். நான் இந்த ஸ்டூல், அவள் அந்த ஸ்டூல். அவள்தான் ஆரம்பித்தாள்.

"பாய், அந்தம்மா பச்சைய அமுக்குனாங்களான்னு கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "பெரியம்மா, பச்சையா அமுக்குனீங்க?"

"தட்டுனது யாருன்னு கேளுங்க பாய்."

"தட்டுனது யாருங்க?"

"நான் கசாயத்துக்கு இஞ்சி தட்டுனேன்."

"ஒத்தத் தட்டுல இஞ்சி நசுங்குமான்னு கேளுங்க."

"நசுங்குமா?"

"பிஞ்சு இஞ்சி பாய்."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "யம்மா, ரெண்டு பேரும் மூணடி தூரத்துலதான் இருக்கீங்க. எனக்கு எதுக்கு இந்தத் தூது வேலை?" இரண்டு பேரும் அவர் என்னவோ நாத்திகம் பேசியதைப்போல அவரைப் பார்த்தோம். மறுபடி எடுத்துக்கொண்டார்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பொட்டுச் சிமிழுக்குள் பஞ்சு வைத்து, அதற்குள் இருந்தது. சொருகினாள். கம்ப்யூட்டரில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. பாதி வந்து நின்றது. எனக்கு என்னவென்றால், அந்தப் பென் டிரைவ் கெட்டிருந்தால் நாடகத்தோடு போகாதே, அவளுக்கு அது வேறல்லவா. கோடு மறுபடி நகர்ந்தது. அவர் பெட்டியைத் தன் கடை டிவியில் மாட்டிப் போட்டார். நாலு எழுத்து வந்தது. வந்து, போனது. படம் எழுந்தது.

கொழுந்தன். கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் ஓர் ஒட்டகம். கம்பெனிப் பெயர் வருகிற இடத்தில் தன் போட்டோவை அவரே வைத்திருந்தார். பெட்டியைப் போடும்போதெல்லாம் ஐந்து நொடி அதுதான் வரும், ஒட்டகத்துக்குப் பல் தெரியும், அவருக்கும் தெரியும். தினமும் பார்ப்பதுதான். இருந்தாலும் அவள் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்று சேலையைச் சரிசெய்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடையில் ஈயம் உருக்குகிற புகை அப்படி. எனக்கும் பட்டது.

பிறகு சேனல் வந்தது. மத்தியானத்தில் நேற்றைய பாகத்தைத் திரும்பப் போடுவார்கள் போல, செண்பகம் அழுதுகொண்டிருந்தாள், மீசைக்காரன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். "பாய்க்கு அரபு தெரியுமே, அவன் அண்ணன்தானான்னு சொல்லட்டும்" என்றாள் அவள். "புருஷன்னு சொல்லட்டும்" என்றேன் நான். பீர்மைதீன் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அண்ணனும் இல்ல, புருஷனும் இல்ல. அவரு வக்கீலு. சொத்து கேஸ் நடத்துறாரு. மொதல்ல இருந்தே வக்கீலுதான்னு எங்க வீட்ல சொல்லுவாங்க."

"ஒங்களுக்கு அரபு தெரியாது பாய்."

யார் சொன்னது என்கிறீர்கள்? நானும் சொன்னேன், அவளும் சொன்னாள். ஒரே நேரத்தில், ஒரே வார்த்தையில், ஏதோ கோவிலில் போற்றி சொன்னதைப்போல. அப்புறம் அவள் என்னைப் பார்த்து, பாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வக்கீலு வீட்டுக்குள்ள வந்து டீ குடிப்பானாக்கும்?" என்றாள். "அதானே" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. கை தவறுகிறதே சிலருக்கு, அதுபோல.

இன்னொன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், கடையநல்லூர் தாண்டியாயிற்று. கிளம்பும்போது பாய் சொன்னார், "பொட்டி நல்லாயிட்டு. ஆனா ரெண்டாவது டிவிக்கு ஒயர் போற வாய் எரிஞ்சு கெடக்கு. இப்ப ஒரு டிவிக்குத்தான் படம் வரும். அரை மணி நேரம் உக்காருங்க, அதையும் மாத்தித் தந்துருதேன்." அப்போது மணி மூன்று. பஸ் நான்கு மணிக்கு. நான் சொன்னேன், "பஸ் போயிரும் பாய்." அவள் சுவர்க்கடிகாரத்தை நன்றாகப் பார்த்தாள். வாதாடுவாள், ஒரு மணி நேரம் கிடக்கிறதே என்பாள் என்று எதிர்பார்த்தேன். "ஆமா பாய், போயிரும்" என்று ரிமோட்டையும் ஒயரையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்புறம் பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், நான் ஒரு பெஞ்சில், அவள் ஒரு பெஞ்சில். புத்தி இருந்தால் மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம் இல்லையா? அவளுக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்.

இப்போது அவள் பாடு. பெட்டி ஒன்று, படம் வருவது ஒரு டிவியில். இன்றைக்குக் கடைசிப் பாகம். அவள் என் வீட்டுக்கு வந்து கேட்டால் பார்க்கலாம். நான் கூப்பிடமாட்டேன். பின்வாசல் கதவை வேண்டுமானால் சாத்தாமல் வைப்பேன், அது காற்றுக்காக.

சொக்கம்பட்டி வந்துவிட்டது. யாரோ அக்கா என்கிறார்கள். பஸ்ஸில் எத்தனையோ அக்கா இருப்பார்கள், நான் ஏன் திரும்பவேண்டும்? நடத்துநர் எதற்கு என்னைப் பார்க்கிறார்?

"யம்மா, பொட்டி வச்சிருக்கிற அம்மா, ஒங்களத்தான் கூப்பிடுதாங்க. படியில நின்னுக்கிட்டு எறங்கமாட்டேங்காங்க."

அவள் குரல்தான், கேளுங்கள்.

"கண்டக்டர், எங்க வீட்டு டிவி முப்பத்திரண்டு இஞ்சுன்னு அவுககிட்டச் சொல்லுங்க. அவுக வீட்டுல இருபத்தொண்ணு. மூஞ்சி தெளிவாத் தெரியணும்னா எதுல தெரியும்னு கேளுங்க. சேமியா பாயசம் வச்சிருக்கேன்னும் சொல்லுங்க."

கேட்டீர்களா திமிரை? காலையிலேயே பாயசம் வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்றால் எவ்வளவு முன்யோசனை. டிஷ் ஒயரைச் சுவர் ஓட்டை வழியாக விட்டால் அங்கேயும் படம் வரும்தான். போவதா வேண்டாமா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆனால் பெட்டியைத் தனியாக அனுப்பமுடியுமா, வழியில் எங்கேயாவது இடித்துவிட்டால்? நான்தான் பிடித்துக்கொண்டு போகவேண்டும். ஒரு நாள்தானே. நாடகம் இன்றோடு முடிகிறது. நாளைக்கு அதே நேரத்தில் புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறதாம், இருநூற்று எண்பது பாகமாம். பாயிடம் அவள்தான் கேட்டாள். நான் கேட்கவில்லை, பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.